இரண்டு துடுப்பு

இந்தக் காலத்தில் எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைக்கிறவன் ஒருவனும் கிடையாது. நீங்களும்தான். சொல்கிறேன் என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். மேஜை மேல் நாலு பேனா கிடக்கிறது, நாலும் மொட்டை. மூடி எங்கே? மூடுவதற்கென்று ஒன்றைச் செய்து கொடுத்தால் அதைத்தான் முதலில் தொலைக்கிறார்கள். அப்புறம் மை காய்ந்துபோச்சு, பேனா சரியில்லை என்று செய்தவனைத் திட்டுவது.

நான் அப்படி இல்லை. முப்பத்தோரு வருஷம் நீர்த்தேக்கத்தில் படகு பார்த்திருக்கிறேன். தினமும் காலையில் நீர்மட்டம் அளவு எடுக்கிற அதிகாரியை உட்காரவைத்துத் தண்ணீருக்கு நடுவில் இருக்கிற கோபுரத்துக்குத் துடுப்புப் போட்டுப் போவேன். அவர் எட்டிப் பார்த்து ஒரு எண்ணை எழுதுவார், திரும்பி வருவோம். அவ்வளவுதான் வேலை. வயதாகி ஓய்வு கொடுத்தார்கள். கொடுத்துவிட்டு வேறு ஆள் கிடைக்கவில்லை என்று மறுபடி என்னையே கூப்பிட்டுக்கொண்டார்கள்.

எனக்கு நீச்சல் தெரியாது. சிரிப்பதாக இருந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். நீச்சல் தெரிந்தவன் படகைச் சரியாகப் பார்த்துக்கொள்ள மாட்டான் என்பது என் அபிப்பிராயம்.

நான் ஏன் வந்தேன் என்று கேட்டீர்கள். என் பேத்தி சாப்பிடவில்லை. இன்றோடு நாலு நாள். தண்ணீர் மட்டும் குடிக்கிறாள், அதுவும் அவள் அம்மா வாயில் ஊற்றினால். நேற்று ஒரே ஒரு வார்த்தை பேசினாள். "தாத்தா போய்ச் சொல்லட்டும். அப்புறம் சாப்பிடுறேன்." என் மகள் என்னைப் பார்த்து, "அப்பா, என்னத்தச் சொல்லச் சொல்றா?" என்றாள். எனக்கென்ன தெரியும் என்றேன். இன்றைக்குக் காலையில் அவளால் தலையைத் தூக்க முடியவில்லை. அதனால் வந்தேன். வேறு எதற்காகவும் வரவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

என் மகள் தையல் வேலை செய்கிறவள். புருஷன் இருக்கிறான், எங்கே என்றுதான் தெரியாது. பிள்ளைகள் இரண்டு. பேரனைப் பெரியவன் என்போம், பேத்தியைச் சின்னது என்போம். பெரியவனுக்கு ஒரு கூட்டாளி, ஜெராக்ஸ் கடையில் வேலை. ஆள் உயரம், அதனால் நெட்டை. எங்கள் வீட்டு வாசலில் தலையை இடித்துக்கொள்ளாமல் அவன் உள்ளே வந்ததே இல்லை. "டேய், பார்த்து வாடா. நிலை உடைஞ்சா யாரு மாத்துறது?" என்பாள் என் மகள். அந்த அளவுக்கு வீட்டுப் பிள்ளை.

போன வருஷம் ஒரு மதியம் நான் படகு ஷெட்டில் சாப்பிட்டுவிட்டுக் கண்ணை மூடியிருந்தேன். பெரியவனும் நெட்டையும் படகை எடுத்துக்கொண்டு போனார்கள். பாதி வழியில் படகு மூழ்கியது. நெட்டை ஒரு துடுப்பைப் பிடித்துக்கொண்டு கரைக்கு வந்தான். பெரியவன் மறுநாள்தான் தண்ணீருக்கு மேலே வந்தான்.

இன்னொரு துடுப்பு வெறுமனே மிதந்து வந்து புல்லில் ஒதுங்கியது. ஊரே என் பேரனைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் அந்தத் துடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு துடுப்பு ஓர் ஆளைத் தாங்கும், எனக்குத் தெரியும். இரண்டு துடுப்பு, இரண்டு ஆள். அப்படியென்றால் ஒருவன் மட்டும் ஏன் வந்தான்? இதை நான் யாரிடமும் கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து இந்தக் கேள்வி என்னோடுதான் சாப்பிடுகிறது, என்னோடுதான் படுக்கிறது.

இப்போது படகைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். படகின் அடியில், பின்பக்கப் பலகைக்குக் கீழே, கட்டைவிரல் அளவுக்கு ஓர் ஓட்டை இருக்கும். உள்ளே சேருகிற மழைத்தண்ணீரை வடியவிடுவதற்கு. அதற்கு ஒரு ரப்பர் தக்கை. படகைக் கரையில் ஏற்றியதும் தக்கையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வேன். பூட்டு சாவி எல்லாம் எதற்கு? தக்கை என் பையில் இருக்கிற வரைக்கும் அது படகு இல்லை, ஓட்டைத் தொட்டி. யாரும் எடுத்துக்கொண்டு போக முடியாது.

அப்படியானால் பையன்கள் எப்படி எடுத்தார்கள் என்று நீங்கள் கேட்க வேண்டும். போன வருஷம் இந்த ஸ்டேஷனில் உங்கள் நாற்காலியில் இருந்தவர் கேட்கவில்லை.

ரப்பர் தக்கை வெடித்துப்போயிருந்தது. அது நடப்பதற்கு நாலு மாதம் முன்பே. புதிதாக வேண்டுமென்றால் ஸ்டோரில் படிவம் எழுத வேண்டும். அங்கே இருக்கிற பெண் நல்ல பெண்தான், ஆனால் சட்டம் பேசுவாள். "பெரியவரே, படிச்சுப் பார்த்து நீங்களே எழுதிக் குடுங்க. அப்புறம் நான் தப்பா எழுதிட்டேன்னு சொல்வீங்க" என்பாள், பத்துப் பேர் நிற்கும்போது. முப்பத்தோரு வருஷமாகக் கண்ணாடி கொண்டுவரவில்லை என்று சொல்லியே ஓட்டியவன் நான். என் பெயரை எழுதுவேன், எண்களை எழுதுவேன், அதற்கு மேல் தெரியாது. அது யாருக்கும் தெரியாது. உங்களுக்குத்தான் முதலில் சொல்கிறேன்.

அதனால் நானே ஒரு கட்டையைச் செதுக்கிக் கோணித்துணியைச் சுற்றி அடித்துவிட்டேன். நன்றாகவே இருந்தது. ஒரே ஒரு விஷயம், கோணி ஈரமாக இருக்க வேண்டும். ஈரத்தில் ஊதிக்கொண்டு இறுகிப் பிடிக்கும். காய்ந்தால் சுருங்கிவிடும். அப்போது பார்த்தால் அடைத்த மாதிரிதான் இருக்கும், ஆனால் தண்ணீரில் இறங்கிக் கால்மணி நேரத்தில் நழுவிவிடும். காலையில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி அரைமணி நேரம் விட்டால் போதும். எனக்குத் தெரியும், ஊற்றுவேன். கட்டையை அடிக்கடி பிடுங்கினால் கோணி கிழியும் என்று அதை ஓட்டையிலேயே விட்டுவைத்தேன். பெரியவன் எடுப்பான் என்று நான் கண்டேனா? இரண்டு நாள் விடுமுறை, நல்ல வெயில். மூன்றாம் நாள், பையன்கள் படகை எடுத்த அன்றைக்கு, அதிகாரி வரவில்லை. நான் தண்ணீர் ஊற்றவில்லை.

படகைத் தேடியெடுத்து ஏற்றும்போது ஓட்டை திறந்திருந்தது. கட்டை, படகு மூழ்கி மூன்றாம் நாள் புல்லுக்குள் கிடைத்தது, கோணி சுற்றினபடியே. எடுத்துக் கருவிப் பெட்டியில் அடியில் போட்டேன். ஸ்டோருக்குப் போனேன். அந்தப் பெண் என்னைக் கண்டதும் எழுந்து நின்றாள். "உக்காருங்க பெரியவரே" என்று அவளே படிவத்தை எழுதி, அவளே தக்கையை எடுத்துக் கையில் கொடுத்தாள். துக்க வீட்டுக்காரனை யாரும் எழுத்துக் கூட்டச் சொல்வதில்லை. புதுத் தக்கையை மாட்டினேன். மறுநாள் உங்கள் ஆள் வந்து படகைப் பார்த்தார். தக்கை இருக்கிறது, பலகை நன்றாக இருக்கிறது. பையன்கள் எழுந்து நின்று விளையாடியிருக்கிறார்கள் என்று எழுதினார். நான் கையெழுத்துப் போட்டேன்.

நெட்டை சொல்லத்தான் செய்தான். "தண்ணி கீழேருந்து வந்துச்சு சார்" என்றான். யார் நம்புவார்கள்? எங்கள் வீட்டுக்கு வந்தபோது என் மகள் வாசலிலேயே வைத்து அறைந்தாள். "எம் புள்ளையத் தண்ணியில விட்டுட்டு வந்து கதை சொல்றியா?" அன்றைக்குத்தான் அவன் முதல் தடவையாக நிலையில் இடித்துக்கொள்ளாமல் குனிந்து வந்தான். அறை வாங்கிக்கொண்டு குனிந்தபடியே போனான். அதற்குப் பிறகு அவன் எங்கேயும் வாய் திறக்கவில்லை.

வீடு வீடாக இல்லை. என் மகள் பெரியவனுடைய சட்டையைப் பிரித்து, மறுபடி அதே அளவில் தைப்பாள். தைத்து முடித்ததும் திரும்பப் பிரிப்பாள். மெஷின் சத்தம் நின்றால் பயமாக இருக்கும், ஓடினாலும் பயமாக இருக்கும்.

இறப்புச் சான்றிதழுக்கு நகல் வேண்டும் என்று எல்லா ஆபீஸிலும் கேட்டார்கள். சின்னதுதான் போனாள். அவளுக்கு அப்போது பதினேழு. தெரிந்தேதான் நெட்டையின் கடைக்குப் போயிருக்கிறாள், அவனை நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க. வந்து என்னிடம் சொன்னாள். "தாத்தா, அவன் என்னப் பார்த்துட்டு நாலு பேப்பரைக் கோணலா எடுத்துட்டான். அண்ணன் பேரு பாதிதான் விழுந்திருக்கு. ஒரு நகல் எடுக்கத் தெரியல, எருமை." சொல்லிவிட்டுச் சிரித்தாள். பெரியவன் போன பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு. அப்போதே எனக்குப் பிடிக்கவில்லை.

பிறகு ஒரு நாள் சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் இரண்டு பேரையும் பார்த்தேன். பெஞ்சில் நடுவில் அவன் பை. பையின் மேல் அவள் கை, அதன் பக்கத்தில் அவன் கை, தொடவில்லை. பாட்டுக் கேட்கிற ஒயரை ஆளுக்கொரு காதில் செருகிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் செத்து ஆறு மாதம், இதற்குள் பாட்டு என்று நினைத்தேன். பாட்டு இல்லை. பெரியவன் நெட்டைக்குப் போனில் பேசி அனுப்பி வைத்ததெல்லாம் அதில் இருந்ததாம். "டேய் எங்கடா இருக்க", "வரும்போது சார்ஜர் எடுத்துட்டு வாடா" என்று இப்படி. அதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார்கள். இது எனக்குப் பிற்பாடு தெரிந்தது.

வீட்டில் சொன்னது நான்தான். சொல்லாமல் இருக்க முடியுமா? என் மகள் தையல் கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டே பேசினாள். "அண்ணன முழுங்கினவன் உனக்குக் கேக்குதா?" சின்னது அழவில்லை. "ஆமாம்மா" என்றாள். ஒரு வாரம் அவளைக் கல்லூரிக்கு அனுப்பவில்லை.

எட்டாம் நாள் ஷெட்டுக்கு வந்தாள். நான் கயிறு முறுக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து என் கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டாவில் துடைத்து மாட்டிவிட்டாள். சின்ன வயதிலிருந்து ஏதாவது காரியம் ஆக வேண்டுமென்றால் அப்படித்தான் செய்வாள்.

"தாத்தா, தண்ணி கீழேருந்துதான் வந்துச்சு."

"யாரு, அவன் சொன்னானா?"

"கோணித்துணி சுத்தின கட்டை ஒண்ணு மிதந்துச்சாம். அவன் பார்த்திருக்கான்."

நான் கயிற்றை விடவில்லை.

"அவன் யார்கிட்டயும் சொல்லல தாத்தா. என்கிட்ட மட்டும்தான் சொன்னான். தாத்தாவுக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டாரு, பாவம்னு சொன்னான்."

ஒரு மனுஷனை எவ்வளவோ சொல்லித் திட்டலாம். திருடன் என்னலாம், குடிகாரன் என்னலாம். அந்தப் பயல் என்னைப் பாவம் என்றான். ஒரு வருஷமாக ஊர் அவனைக் கொலைகாரன் மாதிரிப் பார்த்தது, அவன் என்னைப் பாவம் பார்த்து வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறான். அதை நான் கேட்டேனா?

"ரெண்டு துடுப்பு இருந்துச்சே. உங்கண்ணனுக்கு ஒண்ணு குடுக்க வேண்டியதுதானே" என்றேன்.

"ரெண்டையுமே அண்ணனுக்குத்தான் குடுத்தானாம். அண்ணன்தான் ஒண்ண இவன் பக்கம் தள்ளி விட்டிருக்கான். அப்புறம் அண்ணனுக்குக் கை நழுவிடுச்சு." என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். "நீங்க அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொன்னா போதும் தாத்தா. அம்மா அவனத் திட்டுறத விட்டுடுவாங்க. எனக்கு வேற யாரும் இல்ல. அண்ணன் எப்படிச் சிரிப்பான்னு பேசறதுக்குக்கூட வீட்ல யாரும் இல்ல."

யோசித்தேன். அவளுக்குப் பதினெட்டு ஆகப்போகிறது. அவன் சொல்வதை அப்படியே நம்புகிறாள். இரண்டு துடுப்பையும் கொடுத்தானாம். உயிர் போகிற நேரத்தில் எவன் இரண்டையும் கொடுப்பான்? சொல்கிறவன் சொல்லலாம். செய்துகாட்டினால்தான் தெரியும்.

"ஞாயித்துக்கிழமை அவனையும் கூட்டிட்டு வா. பெரியவன் போன இடத்தைப் பார்த்துட்டு வாங்க. வந்ததும் நானே உங்கம்மாகிட்ட வந்து சொல்றேன்" என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள். கயிற்றுத் தூசி அவள் கையெல்லாம் ஒட்டியது, துடைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நாலரை மணிக்கு மோட்டார் படகு அந்தப் பக்கம் வரும், காவல் சுற்றுக்கு. அதைக் கணக்கில் வைத்துத்தான் நாலு மணி சொன்னேன். சின்னதுக்கு ஒன்றும் ஆகாது என்பதில் நான் கவனமாக இருந்தேன். இதைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள்.

ரப்பர் தக்கையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டேன். பெட்டியில் இருந்த அந்தக் கட்டையை எடுத்து அடித்தேன். காய்ந்த கோணி. வாளி பக்கத்திலேயே இருந்தது, நான் அதைத் தொடவில்லை.

வந்தார்கள். அவன் முழுக்கைச் சட்டை போட்டுப் பித்தான் எல்லாம் மாட்டியிருந்தான், பள்ளிக்கூடத்துக்கு வருகிற மாதிரி. "நல்லாருக்கீங்களா தாத்தா?" என்றான். நன்றாக இருக்கிறேன் என்றேன். சின்னது, "தாத்தா, அந்த ஜாக்கெட் ரெண்டு குடுங்களேன்" என்றாள். மிதக்கிற ஜாக்கெட் ஷெட்டில் ஆறு இருக்கிறது, அதிகாரிகளுக்கு. சாவி வீட்டில் இருக்கிறது என்றேன். சாவி தக்கையோடு என் பையில்தான் இருந்தது.

படகில் கால் வைத்ததும் அவன் பின்பக்கம் குனிந்தான். பலகைக்கு அடியில் பார்க்கப் போனான். ஒரு வருஷமாக அவன் கண்ணுக்குள் இருந்தது அந்த ஓட்டைதானே.

"என்னடா பார்க்கிற?" என்றேன்.

அவன் முகம் சிவந்துவிட்டது. திருடப் போய் மாட்டிக்கொண்டவன் மாதிரி நிமிர்ந்தான். "ஒண்ணுமில்ல தாத்தா" என்றான். அப்புறம் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. என் மனசு நோகக் கூடாது என்று பார்க்காமல் விட்டான். பார்த்திருக்கலாம். நான் அவன் கழுத்தையா பிடித்தேன்?

சின்னதிடம் போக வேண்டாம், கரையில் இரு என்று நான் சொன்னதாகத்தான் அன்றைக்கு உங்கள் ஆளிடம் சொன்னேன். அது சரியில்லை. "நீங்களும் வாங்க தாத்தா" என்றாள். எனக்கு முட்டி வலி, நீங்கள் போய் வாருங்கள் என்றேன். அவள் ஏறும்போது படகு ஆடாமல் நான்தான் பிடித்துக்கொண்டேன். முன்பக்கம் உட்காரச் சொன்னேன். பின்பக்கம் தண்ணீர் வந்தால் முன்பக்கம் இருப்பவர்களுக்குச் சட்டென்று தெரியாது. அவள் இல்லாமல் அவனை மட்டும் அனுப்பினால் என்ன பிரயோஜனம்? தன்னைக் காப்பாற்றிக்கொள்வது யாருக்கும் தெரியும். இன்னொருத்தர் இருந்தால்தானே அவன் என்ன செய்கிறான் என்று பார்க்க முடியும்?

கரையில் கல்லில் உட்கார்ந்துகொண்டேன். கால்மணி நேரம் என்று நினைத்தேன், அதற்குக் கொஞ்சம் முன்பாகவே ஆகிவிட்டது. படகு பின்பக்கம் அமுங்கியது. அவன் எழுந்து நிற்கவில்லை, அதைக் கவனித்தேன். தவழ்ந்து முன்பக்கம் போனான். "தாத்தா" என்று கூப்பிட்டான். மறுபடியும் ஒரு தடவை கூப்பிட்டான். அதற்கு மேல் கூப்பிடவில்லை, இரண்டு கையாலும் ஏதோ வேலை செய்துகொண்டிருந்தான். தூரம், சரியாகத் தெரியவில்லை. சின்னது கூப்பிடவே இல்லை. கரைப்பக்கம் திரும்பி என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் கல்லைவிட்டு எழவில்லை என்பதை அவள் பார்த்தாள்.

மோட்டார் படகு அன்றைக்கு இருபது நிமிஷம் தாமதம். ஏன் என்று கேட்டேன், டீசல் போட நின்றார்களாம். நேரத்துக்கு வருவது என்பது இப்போது எந்த வேலையிலும் இல்லை. அவர்கள் நேரத்துக்கு வந்திருந்தால் நான் இங்கே உட்கார்ந்திருக்க மாட்டேன்.

அவளை எடுத்தார்கள். இரண்டு துடுப்பையும் சேர்த்து அவள் அக்குளுக்கு அடியில் கொடுத்து, அவன் இடுப்பு பெல்ட்டாலும் பை வாராலும் இறுக்கிக் கட்டியிருந்தது. அவிழ்க்க முடியவில்லை, கத்தியால் அறுத்தார்கள். அவன் அவளுக்குக் கீழே, கொஞ்ச தூரம் தள்ளிக் கிடைத்தான். அவனுக்கும் குளத்து நீச்சல்தான் தெரியும். ஆழத்தில் அது எவ்வளவு நேரம் வரும்?

கட்டை இந்தத் தடவையும் புல்லில் ஒதுங்கியது, யாரும் பார்ப்பதற்கு முன் எடுத்துக்கொண்டேன். ஏற்றிய படகின் ஓட்டையில் பையில் இருந்த ரப்பர் தக்கையை மாட்டிவிட்டேன். எல்லாரும் பார்த்தார்கள். இந்தப் படகே ராசியில்லாதது என்றார்கள்.

அவ்வளவுதான். தக்கையைப் பிடுங்கியது நான். காய்ந்த கட்டையை அடித்தது நான். இரண்டு பேரையும் ஏற்றிவிட்டது நான். பெரியவன் விஷயத்தில் வாளித் தண்ணீர் ஊற்றாமல் விட்டதும் நான், அதை மறைத்ததும் நான். இந்தாருங்கள், கட்டை. கோணியும் அதேதான். என் மகளுக்கு யாராவது போன் போட்டுச் சொல்லிவிடுங்கள், தாத்தா சொல்லிவிட்டார் என்று. முதலில் கஞ்சி மாதிரி ஏதாவது கொடுக்கச் சொல்லுங்கள். நாலு நாள் வெறும் வயிறு, ஒரேயடியாகக் கொடுத்தால் தாங்காது.

சின்னது பேச ஆரம்பித்தால் சொல்வாள், இப்பவாவது நம்புறீங்களா தாத்தா என்று. அவளுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். அவன் உனக்கு இரண்டு துடுப்பையும் கொடுத்தான், நான் பார்த்தேன், இல்லை என்று சொல்லவில்லை. உன் மேல் ஆசை, கொடுத்தான். அதற்காகப் பெரியவனுக்கும் கொடுத்திருப்பான் என்று ஆகிவிடுமா? பெரியவனுக்குக் கொடுத்ததை யார் பார்த்தது?

கையைப் பிடிக்க வேண்டாம், நானே நடப்பேன். எந்தக் கதவு, இதுவா? பேனாவை மூடிவையுங்கள்.